மேடையில் தேடிய பிரேக்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. நம்பினால் அவர் தொழில் நடக்காது. பக்கத்தில் ஸ்டியரிங் பிடித்திருப்பவர் எந்த நேரமும் யார்மேலாவது ஏற்றிவிடுவார் என்று, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கின்மேல் பாதத்தை வைத்தபடியே பாதி ஆயுளைக் கழித்துவிட்டார். காரை விட்டு இறங்கினாலும் அந்தப் புத்தி இறங்குவதில்லை. மனைவி கேட்காமலே டீ கொண்டுவந்தால்கூட, "என்ன விஷயம்?" என்பார்.

பிரேக்கை மிதித்து மிதித்து முழங்கால் போனது. இனி காரில் உட்காரக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். மிச்சம் இருந்தது, புதிதாகச் சேர்பவர்களை ஹாலில் உட்காரவைத்து சாலை விதிகள் சொல்லித்தரும் வேலை மட்டும்தான்.

"ஒரு கிளாஸ் எடுத்துக் காட்டுங்க மாஸ்டர். சரியா வந்தா வேலை உங்களுக்கு. இல்லேன்னா பார்க்கலாம்" என்றார் முதலாளி. அவர் 'பார்க்கலாம்' என்று சொன்ன யாரையும் அப்புறம் அந்தப் பக்கம் பார்க்க முடிந்ததில்லை.

காரில் மாஸ்டர் வாய் ஓயாது. ஆனால் பேச்செல்லாம் முன்கண்ணாடியைப் பார்த்துத்தான். மனித முகத்தைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இது தெரிந்துதான் மாட்டிவிடுகிறார்கள் என்று அவருக்குப் பட்டது. முதலாளியின் மைத்துனன் ஆபீசில் சும்மா உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தான். வேலை அவனுக்குத்தான்!

"அவன் நேத்து எனக்கு வணக்கம் வெச்சான்" என்றார் மனைவியிடம்.

"வணக்கம் வெச்சா தப்பா?"

"எதுக்கு வெச்சான்னு யோசி."

கிளாஸ் அன்று ஹாலில் மைக்கைச் சரிபார்த்தது அந்த மைத்துனன்தான். தண்ணீர் பாட்டிலை வைத்ததும் அவனே. மூடி லேசாகத் திறந்திருந்தது. மாஸ்டர் அதைத் தொடவில்லை. தொண்டை காய்ந்ததுதான் மிச்சம். அவன் முன்வரிசையில் உட்கார்ந்து பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான்.

"சாலை... சாலை விதிகள்..."

அதற்குமேல் வண்டி நகரவில்லை. போச்சு, பிழைப்பில் மண் விழுந்தது என்று நினைத்தபோது, ஜன்னலைச் சாத்துவதற்காக ஒரு பருத்த மனிதர் எழுந்து சட்டென்று குறுக்கே வந்தார். மாஸ்டரின் கால் மேடைப் பலகையில் டமாலென்று இறங்கியது.

ஹாலே திடுக்கிட்டு நிமிர்ந்தது.

"ஒண்ணுமில்ல... பிரேக்கைத் தேடினேன்" என்றார்.

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். மாஸ்டருக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததும் வாய் திறந்துகொண்டது.

"சிரிக்காதீங்க! சார், நீங்க எழுந்தீங்களே, பின்னாடி யாரு வர்றாங்கன்னு பார்த்தீங்களா? திரும்பப் போறேன்னு ஒரு கையாவது காட்டினீங்களா?"

"ஜன்னல் சாத்தத்தானே சார்..."

"இடிச்சதுக்கப்புறம் எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க!"

பிறகு முகத்தைப் பார்த்தேதான் பேசினார். ஒவ்வொரு முகத்தின்மேலும் அவருக்குச் சந்தேகம். ஒருவரை விடாமல் கேள்வி கேட்டு மடக்கினார், திட்டினார், இடையில் தானும் சிரித்தார். முடிந்தபோது கைதட்டினார்கள்.

"நாளையிலேர்ந்து கிளாஸ் உங்களுது மாஸ்டர்" என்றார் முதலாளி.

மாஸ்டர் நேராக மைத்துனனிடம் போனார்.

"நான் தடுமாறும்போது எதுக்குப்பா சிரிச்சே?"

"ஐயோ, சிரிக்கலண்ணே. பல்லைக் கடிச்சுட்டு இருந்தேன். நீங்க சொதப்பிட்டா அடுத்து என்னைத்தான் மேடையில ஏத்துறதா மாமா சொல்லிட்டார். நேத்துலேர்ந்து சாப்பாடே இறங்கல."

மாஸ்டர் நம்பவில்லை. அவன் கையைப் பிடித்துப் பார்த்தார். அது சில்லிட்டு, இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. அவருக்குப் பாவமாகப் போய்விட்டது. அந்தக் கையை உடனே விட மனம் வரவில்லை.