மகளின் ஆறு நிறச் சவர்க்காரம்

ஓவியத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பல்லேகல கிரிக்கெட் மைதானத்துக்குப் பெயின்ட் அடித்தவர்களே என்னிடம்தான் வந்து நிறம் கேட்டார்கள்.

அப்படிப்பட்ட எனக்குத்தான் இன்று இது நடந்தது.

மகள் சுமதி அலுமாரி உயரத்துக்கு ஒரு படம் வரைந்து வைத்திருந்தாள். ஒரே குளிக்கிற சவர்க்காரம், ஆறு கட்டி, ஆறு நிறம். நல்ல கடை போர்டு என்று நினைத்து, அவளிடம் கேட்காமலே போன வாரம் கலஹாவில் கடை வைத்திருக்கும் செல்லையாவுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

காலையில் கேட்டாள். "அப்பா, என் படம் எங்க? நாளைக்குக் கண்டியில கண்காட்சி."

இருவரும் பஸ் பிடித்து ஓடினோம்.

படத்தைக் கடை வாசலில் ஆணியடித்து வைத்திருந்தான். நடுவில் எனாமல் பெயின்டில் கொட்டை எழுத்து: "போன் ரீலோட் போடப்படும்."

செல்லையாவுக்கு வாயெல்லாம் பல். "வாங்கண்ணே! படத்தில இருக்கிற நீலக் கட்டி எப்ப வரும்னு சனம் உசுர வாங்குது. அடுத்தது மீன் டின் போட்டு வரையச் சொல்லுங்க!"

சுமதி எழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். நன்றாகக் காய்ந்திருந்தது.

"மூணு மாசமா வரைஞ்சதுப்பா" என்றாள். படத்தைக் கழற்றிக்கொண்டு திரும்பும்போது என் பக்கத்து சீட் காலியாக இருந்தும், பஸ்ஸின் முன்னால் போய் நின்றுகொண்டாள்.

கண்காட்சியில் அவளுக்கு ஒதுக்கிய சுவர் நாளைக்கு வெறுமையாக இருக்கும்.

எனாமலை மட்டும் எடுத்து, அடியில் உள்ள படத்தை விட்டுவைக்கிற வழி யாருக்காவது தெரியுமா? எல்லாம் தெரிந்தவன்தான் கேட்கிறேன். விடிவதற்குள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.