தலையாட்டிகளுக்கு வேலாயுதம் சொன்ன இங்கிலீஷ்

வேலாயுதத்துக்குக் கோபம் வந்தால் சிங்கப்பூரின் பூன் லே தொழிலாளர் விடுதியில் மூன்று மாடிக்கும் மின்விசிறி நின்றுவிடும். இப்போது அவருக்குக் கோபம் ‘புட்’ என்ற ஒற்றைச் சொல்மேல்.

“புட்டுன்னா வைக்கிறது. சரி, ஒத்துக்கறேன். ஆஃப் கூட வந்தா தள்ளிப்போடுறதாம். அவுட் வந்தா நெருப்ப அணைக்கிறதாம். அப், வித்துன்னு ரெண்டு பேரு ஒண்ணா வந்தா பொறுத்துக்கறதாம். என்ன டீச்சர் அநியாயம் இது? கூட யாரு வந்தாலும் கட்சி மாறிடுமா ஒரு சொல்லு?”

சிராங்கூன் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுக்கும் சங்கீதா சிரிப்பை அடக்கிக்கொண்டார். “கொஞ்சம் பொறுத்துக்குங்கண்ணே.”

“அதான், புட் அப் வித்!” என்று வேலாயுதம் மேசையில் குத்தினார்.

குத்தாமல் என்ன செய்வார்? பதினோரு வருஷமாகக் கட்டுமானத் தளத்தில் பாரம் தூக்கும் வேலை. இரண்டு முறை, நேற்று வந்தவன் இங்கிலீஷ் பேசி மேற்பார்வையாளர் ஆனான். இரண்டு பேருக்கும் வேலை சொல்லிக் கொடுத்தது இவர்தான். மூன்றாவது முறையும் அப்படி ஆனால் கிரேனைக் கடலில் தள்ளிவிடுவதாகச் சபதம். தேர்வு நாளன்று காலையில் ஆட்களை நிறுத்தி, தேர்வாளர் முன்னால் சுத்தமான இங்கிலீஷில் பாதுகாப்பு விளக்கம் சொல்லிவிட்டால் அந்தப் பதவி இவருக்கு.

அந்த நாளும் வந்தது. பிடோக் தளத்தில் இருபது பேர் ஹெல்மெட்டோடு நின்றார்கள். தேர்வாளர் ரகுபதி, சிங்கப்பூரிலேயே பிறந்தவர், ஃபைலோடு அவர்களுக்கு நடுவில் நின்றார்.

வேலாயுதம் தொண்டையைச் செருமினார். “கீப் அவே ஃப்ரம் த யெல்லோ லைன். லுக் அவுட் ஃபார் த லோட். இஃப் இட் ரெயின்ஸ், வீ வில் கால் ஆஃப் த லிஃப்டிங்.”

ஒரு பிசிறு இல்லை. இருபது தலைகளும் ஆடின. “யெஸ் பாஸ்!” தளத்து வழக்கம் அது. யார் எதைச் சொன்னாலும் தலையாட்டு, தாளில் கையெழுத்துப் போடு, வேலைக்குப் போ. ரகுபதியின் தலையும் சேர்ந்து ஆடியது.

கையெழுத்துப் போட வந்த அர்ஃபானை வேலாயுதம் நிறுத்தினார். “நான் இப்ப என்ன சொன்னேன்?”

பங்களாதேஷிலிருந்து வந்து தமிழ் கற்றுக்கொண்டவன் அர்ஃபான். பளிச்சென்று சொன்னான்: “வெரி குட் சொன்னீங்க அண்ணே!”

வேலாயுதத்தின் மீசை நட்டுக்கொண்டது. சொன்ன பிறகும் அத்தனை பேரும் நின்றது, கிரேன் சுமை தூக்கும் மஞ்சள் கோட்டுக்கு உள்ளே. கையெழுத்துத் தாளைப் பிடுங்கினார்.

“ஹலோ! யெல்லோ லைன் இன்சைட், நோ கோ! கிரேன் மூவ், யூ ரன் தட் சைட்! ரெயின் கம், ஆல் ஸ்டாப்! நோ ஷேக் ஹெட், டெல் மீ பேக்!” கையை ஆட்டி, கொக்கியாகத் தொங்கி, செத்தவனாக விழுந்தும் காட்டினார்.

சிரித்துக்கொண்டே ஒவ்வொருவனும் திருப்பிச் சொன்னான். சொல்லிக்கொண்டே கோட்டுக்கு வெளியே போனான். உள்ளே மிச்சம் ஒரே ஆள்.

“சார், உங்களுக்குந்தான். வெளிய வாங்க லா!” என்றார், சிங்கப்பூர்ப் பேச்சின் ‘லா’வையும் சேர்த்து.

தலைக்கு மேலே தொங்கிய சுமையைப் பார்த்த ரகுபதி, தவளையே தோற்கும்படி ஒரு தாவு தாவினார். மூச்சு வாங்கியபின் ஃபாரத்தில் எழுதி வேலாயுதத்திடம் நீட்டினார்.

“பாஸ் பண்ணிட்டீங்க. முதல்ல பேசினதுக்கு. ரெண்டாவதா பேசினத நான் கேக்கல. க்ளையண்ட் முன்னாடி அப்படிப் பேசிடாதீங்க.”

பதினோரு வருஷம் காத்திருந்த தாள் கையில் இருக்கிறது. வேலாயுதம் அதை ரகுபதியின் முகத்துக்கு நேரே பிடித்தார். “ஒருத்தனுக்கும் புரியாததுக்குப் பாஸு. இவனுங்க உயிரோட வெளிய வந்ததுக்கு மார்க் எங்க சார்?”

“ஃபாரத்துல அதுக்குக் கட்டம் இல்லையே.”

வேலாயுதம் அவர் பேனாவை வாங்கினார். ஃபாரத்தின் ஓரத்தில் பெரிதாக ஒரு கட்டம் போட்டு, உள்ளே ‘21’ என்று எழுதினார்.

“இருபது பேருதானே?” என்றார் ரகுபதி.

“உங்களையும் சேத்துத்தான் சார்.”