தலைகீழாகப் பார்த்த முக்கோணம்

என் மனைவி என்னை 'ஏங்க' என்று கூப்பிடுவாள். அவளுடைய அத்தை மகனை 'அத்தான்' என்று கூப்பிடுவாள். முறைப்படி அதில் தப்பில்லை. அவன் அவளுக்கு முறைமாப்பிள்ளை. நான் உறவில்லாத அசலிலிருந்து வந்து கட்டியவன். ஆனாலும் அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து கேட்கும்போதெல்லாம் என் விரலில் வாழைநார் கொஞ்சம் கூடுதலாக இறுகும்.

அப்போது நான் சங்கரன்கோவிலில், கோயில் வாசலுக்குப் பக்கத்துப் பூக்கடையில் மாலை கட்டிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அவள் பிளஸ் டூ வந்த புதிதில் படித்தவள். எல்லாப் பாடத்திலும் தேறி, கணக்கில் மட்டும் தவறிவிட்டாள். அதை மறுபடி எழுதித் தேறினால் ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போடலாம் என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். நான்காவது வருஷம்தான் நான் சரி என்றேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் சும்மா இருந்து அதையே நினைப்பதற்கு, படிக்கட்டும் என்று நினைத்தேன். யார் சொல்லிக்கொடுப்பார்கள் என்று நான் யோசிக்கவில்லை. அவள் யோசித்து வைத்திருந்தாள்.

அவளுடைய அத்தான் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஸ்ஸில் வருவான். கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு, வேலைவாய்ப்பு ஆபீசில் பதிந்து வைத்த வேலைக்கு அழைப்பு வரும் என்று காத்திருந்தான். நல்ல பையன். அதுதான் எனக்குப் பெரிய தொந்தரவாக இருந்தது. கெட்டவனாக இருந்திருந்தால் முதல் நாளே அனுப்பியிருப்பேன்.

எங்கள் வீட்டில் ஒரே அறை. தரையில் நோட்டை விரித்து அவர்கள் இருவரும் ஒரு பக்கம், இடையில் ஒரு முழம் விட்டு, உட்காருவார்கள். நான் எதிர்ப்பக்கம் சாயங்காலத்து மாலைகளைக் கட்டிக்கொண்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேலையை வீட்டுக்குக் கொண்டுவரும் பழக்கம் எனக்கு அதற்கு முன் கிடையாது.

"இன்னைக்கு அணிக்கோவை" என்றான் அவன்.

கோவை என்றால் எனக்குக் கோப்பதுதான் தெரியும். எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காதவன், அன்றைக்கு என்னவோ கேட்டுவிட்டேன். "அது என்ன பூவுல கட்டுறது?"

அவள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அவன் சிரிக்கவில்லை. "பூ இல்ல அண்ணாச்சி, நம்பரு. நம்பரை வரிசையா நிப்பாட்டி, ரெண்டு பக்கமும் கோடு போட்டா அதுதான் அணிக்கோவை. சரி, உங்க கடைக் கணக்கையே போடுவோம். பெரிய மாலைக்கு அரளி எத்தனை பிடி போவும்?"

"எட்டு."

"சின்னதுக்கு?"

"அஞ்சு."

அவன் நோட்டில் எதையோ எழுதி அவள் பக்கம் தள்ளினான். "ஏட்டி, இதைப் போடு. பெரிசு ரெண்டு, சின்னது மூணு கட்ட முப்பத்தோரு பிடி. பெரிசு ஒண்ணு, சின்னது ரெண்டு கட்ட பதினெட்டு பிடி. ஒவ்வொண்ணுக்கும் எத்தனை? அண்ணாச்சி சொன்னதை மறந்துரு."

அவளை ஏட்டி என்று நான் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை.

அவள் இரண்டும் மூன்றும் மேலே, ஒன்றும் இரண்டும் கீழே எழுதி, இரு பக்கமும் செங்குத்தாகக் கோடு போட்டாள். இடது மேல் எண்ணை வலது கீழ் எண்ணோடு பெருக்கி, அதிலிருந்து மற்ற இரண்டின் பெருக்கலைக் கழித்தாள். நான்கில் மூன்று போக ஒன்று. பிறகு மேலிருந்து கீழாக நிற்கும் முதல் வரிசைக்குப் பதிலாக முப்பத்தொன்றையும் பதினெட்டையும் நிறுத்தி மறுபடி பெருக்கிக் கழித்தாள். எட்டு வந்தது. அடுத்த நெடுவரிசையை மாற்றினாள். ஐந்து வந்தது.

"எட்டும் அஞ்சும்! ஏங்க, சரியா வந்துட்டு, பாத்தீங்களா" என்றாள் என்னிடம்.

பதினைந்து வருஷமாக என் கைக்குள் இருந்த எட்டும் ஐந்தும். என்னிடம் வாங்கி, இரண்டு கோட்டுக்குள் அடைத்து, அவன் அவளுக்குக் கொடுத்தான். அவள் முகம் அப்படி விரிந்ததை நான் பார்த்ததில்லை. அன்று கட்டிய மாலை ஒன்று கோணலாகிப்போய் கடையில் பிரித்துக் கட்டச் சொன்னார்கள்.

கடையில் என்னோடு கட்டுகிற அண்ணாச்சி ஒருவர் இருந்தார். அவர் வாய்க்குப் பூட்டுக் கிடையாது. "என்ன வே, ஒம்ம வீட்டுல காலேஜ் நடக்காம்லா?" என்றார். "மொறமாப்பிள்ளை வாத்தியாரு, தாலி கட்டுன மாப்பிள்ளை எதுக்க இருந்து பூக் கட்டுதாரு. ஊரே சொல்லுது."

"ஊருக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"நான்தான் சொன்னேன்" என்றார்.

அதன்பிறகு நான் இன்னும் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தேன். எதிரில் இருந்ததால் எல்லாமே எனக்குத் தலைகீழாகத்தான் தெரியும். தலைகீழ் எண்களைப் படிக்கப் பழகிக்கொண்டேன். அவள் பெருக்குகிறபோது நானும் மனசுக்குள் பெருக்குவேன். அவளுக்கு முன்னால் எனக்கு விடை வரும் நாட்களும் உண்டு. சொன்னதில்லை. அவன் முன்னால் சொல்லித் தப்பாகிவிட்டால் என்ன செய்வது?

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அது நடந்தது. அவன் சிவப்பு மைப் பேனாவை எடுத்து நோட்டில் ஒரு முக்கோணம் போட்டான். நான் நாரை விட்டுவிட்டேன். அந்த நாளில் சிவப்பு முக்கோணம் இல்லாத சுவர் எது? பஸ் ஸ்டாண்டிலும் ஆஸ்பத்திரியிலும், கூர் கீழே பார்க்க, குடும்பக் கட்டுப்பாடு என்று எழுதியிருக்கும். என் கண்ணுக்கு நோட்டிலும் அதே முக்கோணம், அதே சிவப்பு, கூர் கீழே.

அதன் பக்கத்தில் அவன் ஒரு பூச்சியம் போட்டான். "இது பூச்சியமாயிட்டுன்னா ஒண்ணும் பண்ண முடியாது, புள்ள. தீர்வு கெடையாது."

"கெடைக்கவே கெடைக்காதா அத்தான்?"

"ஒண்ணு, கெடையவே கெடையாது. இல்லேன்னா எண்ணி முடியாத அளவுக்கு இருக்கும்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எங்கள் இருவருக்குள் மட்டும் இருந்த, பிள்ளையில்லாத துக்கத்தை அவள் அவனிடம் கொண்டுபோய் வைத்திருக்கிறாள், அதுவும் என் முன்னாலேயே, நான் படிக்காதவன் என்ற தைரியத்தில். கட்டி முடித்த மாலைகளை அள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

அவளிடம் கேட்கவில்லை. கேட்கிற ஆளாக இருந்தால் எனக்கு இந்தக் கதையே இல்லை. அடுத்த ஞாயிறு பஸ் ஸ்டாண்டில் காத்து நின்றேன். அவன் இறங்கினான்.

"அவளுக்கு மேலுக்கு முடியல. இனி படிக்கலன்னு சொல்லிட்டா. நீ வர வேண்டாம்" என்றேன். நான் அவனிடம் சேர்ந்தாற்போல் பேசிய மூன்று வாக்கியம் அதுதான்.

"என்ன செய்யுது அண்ணாச்சி? நான் வந்து பாத்துட்டுப் போறேன்."

"தூங்குதா."

அவன், வந்து நின்ற பஸ்ஸிலேயே திரும்ப ஏறிக்கொண்டான்.

அவள் அன்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறு ஞாயிறும் பார்த்தாள். தபசு வேலையில் நான் வீடு தங்கவில்லை. மூன்றாவது ஞாயிறு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். "பரிச்சைக்கு இன்னும் பத்து நாளுதான் இருக்கு. அத்தானுக்கு என்னாச்சுன்னு ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்களேன்."

அத்தான் என்ற சொல்லில் எனக்குள் இருந்தது உடைந்துவிட்டது. "நம்ம வீட்டு விஷயத்தை அவன்கிட்ட எதுக்குச் சொன்ன? அந்த முக்கோணத்தைப் போட்டு, தீர்வு கெடையாதுன்னு அவன் சொல்ல, நீ தலையைக் குனிய, நான் என்ன மரமா?"

"எந்த முக்கோணம்?"

"சிவப்பு முக்கோணம்."

அவள் நோட்டைப் புரட்டி அந்தப் பக்கத்தை எடுத்தாள். அப்படியே திருப்பி என் பக்கம் நேராக வைத்தாள். முக்கோணம் எழுந்து நின்றது. கூர் மேலே.

"அணிக்கோவைக்கு இதுதாங்க அடையாளம். ரெண்டு வரியும் ஒண்ணையே சொன்னா இது பூச்சியமாயிரும். பெரிசு ரெண்டு சின்னது மூணுக்கு முப்பத்தொண்ணு. பெரிசு நாலு சின்னது ஆறுக்கு அறுபத்திரெண்டு. ரெண்டாவது வரியில புதுசா என்ன இருக்கு?"

ஒன்றும் இல்லை. சொன்னதையே இரட்டிப்பாகச் சொன்னது. எட்டும் ஐந்தும் என்று இல்லை, ஐந்தும் ஏழும் என்றாலும் சரியாக வரும். எனக்கு உடனே புரிந்தது. புரிந்ததில் தலையைத் தூக்க முடியவில்லை.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தினாள். "அப்போ அத்தான் வராதது..."

"நான்தான் வர வேண்டாம்னேன்."

அவள் நோட்டை மூடி வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கரிவலம் போனேன். அவன் வீட்டில் இல்லை. வேலை கிடைத்து நாலு நாளைக்கு முன்பே மெட்ராஸ் போய்விட்டான் என்று அவன் அம்மா சொன்னார். எனக்குக் காபி கொடுத்தார். குடித்தேன். என் வாழ்க்கையில் அவனைத் தேடி அவன் ஊருக்கு நான் போனது அந்த ஒரு தடவைதான். அவன் இல்லாமல் போனதற்கு வருத்தப்பட்டதும் அந்த ஒரு தடவைதான்.

திரும்பி வந்து, அவள் எதிரில் வழக்கமான என் இடத்தில் உட்கார்ந்தேன். "நீ போடு. தப்பு வந்தா சொல்லுதேன்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பாத்துட்டுத்தான இருந்தேன்."

அவள் நம்பவில்லை. ஐந்தும் ஏழும் மேலே, இரண்டும் நான்கும் கீழே எழுதினாள். "ஆறு" என்றேன். இருபதில் பதினான்கு போக ஆறு. அவளுக்கும் ஆறு. இன்னொன்று போட்டாள். சொன்னேன். மூன்றாவதில் அவள் பேனாவை வைத்துவிட்டாள்.

"இருங்க. நீங்க அந்தப் பக்கம் இருந்துல்லா பாக்குதீங்க. உங்களுக்கு நாலு மேல இருக்கும், அஞ்சு கீழ இருக்கும். எப்படி ஒரே விடை வருது?"

அதை நான் யோசித்ததே இல்லை. அவளே நோட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். தலைகீழானாலும் மூலைக்கு மூலை ஜோடி மாறுவதில்லை என்றாள். "அத்தான்கூட இதைச் சொல்லல." அதைக் கேட்கத்தான் நான் அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் பூக் கட்டினேன் என்று அப்போது தோன்றியது.

மிச்சமிருந்த ஒன்பது நாளும் போட்டோம். ஒரு தடவை ஆறை ஒன்பது என்று படித்துவிட்டேன். அதற்கு அவள் பரீட்சை வரைக்கும் சிரித்தாள். அவன் சொல்லித்தராமல் விட்ட பாடங்கள் அப்படியே கிடந்தன. அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியவில்லை.

கரையேறுகிற அளவுக்கு மார்க் வாங்கித் தேறினாள். அதைச் சொல்லிவிட்டு அவள் அடுத்துச் சொன்னது: "அத்தானுக்கு ஒரு கார்டு போடணுங்க."

தபால் ஆபீசுக்குப் போய் கார்டு வாங்கி வந்தேன். அவள் தரையில் உட்கார்ந்து எழுதினாள். நான் எதிரில் இருந்து படித்தேன். தேறிவிட்ட செய்தி, நன்றி, பிறகு ஒரு வரி: உங்கள் அண்ணாச்சியும் கூட உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். அதை இரண்டு தடவை படித்தேன். பிறகு முதல் வரியைப் பார்த்தேன். 'அன்புள்ள அத்தான்' என்று இருந்தது. கார்டை என் பக்கம் நேராகத் திருப்பிப் பார்த்தேன். அதுவும் மாறவில்லை.