கட்டைவிரல் ஓரத்துத் தழும்பு

மதுரை ஆய்வகத்தில் என் வேலை, உடைந்த டி.என்.ஏ.வைச் செல் எப்படிச் சரிசெய்கிறது என்று பார்ப்பது. நோட்டில் ஒரு பக்கம் கிழிந்தால், தோழியின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். அது கிடைக்காவிட்டால் கிழிந்த ஓரங்களைச் சேர்த்துப் பசை தடவ வேண்டும். இரண்டு வரி போனால் போகட்டும். செல்லும் தன் டி.என்.ஏ.வுக்குப் பிரதி எடுத்து வைத்திருந்தால் பார்த்து எழுதும், இல்லையென்றால் ஒட்டும். மாணவர்களுக்கு இதை வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறேன். சொந்த வீட்டில்தான் என் புத்தி வேலை செய்யவில்லை.

உப்பூரில் அக்காவை எங்கள் தாய்மாமனுக்கே கட்டிக்கொடுத்திருந்தோம். அவர்கள் மகள் வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாதவள். ஏழு வயதில் அவளுக்கு ரத்தம் ஊறுவது நின்றுபோனது. அவளுடைய அண்ணனின் எலும்பு மஜ்ஜை பொருந்தியது. அதை ஏற்றுமுன் பழைய மஜ்ஜையை அழிக்கும் மருந்தைத் திங்கட்கிழமை தொடங்கலாம் என்றார் டாக்டர்.

சனிக்கிழமை வார்டில் அவள் கையைத் துடைத்துவிட்டபோது, கட்டைவிரல் ஓரத்தில் மிளகளவு தழும்பு தட்டுப்பட்டது. பிறந்தபோது அங்கே இன்னொரு குட்டிக் கட்டைவிரல் இருந்தது. பெண் கேட்டு வருபவர்கள் குறை சொல்வார்கள் என்று நூலால் இறுக்கிக் கட்டினோம். சில நாளில் உதிர்ந்துவிட்டது. கட்டியவள் நான்தான்.

கூடுதல் விரல், வளராத உடம்பு, வற்றிய ரத்தம், உறவுக்குள் கல்யாணம். பார்த்து எழுதும் வழி பிறவியிலேயே பழுதான பிள்ளைகளுக்கு இப்படியெல்லாம் வரும். அவர்களுடைய செல்கள் கண்ட முனையைக் கண்ட முனையோடு ஒட்டிவிடும். அந்த மருந்தோ டி.என்.ஏ.வை உடைக்கிற மருந்து. வழக்கமான அளவு கொடுத்தால் அவள் பிழைக்கமாட்டாள்.

அக்காவை வராந்தாவுக்கு இழுத்துப் போனேன்.

"விரல் விஷயத்த டாக்டர்ட்ட சொல்லணும்க்கா."

"யார்ட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணினவதானடி நீ? நாளைக்கு எவன் கட்டுவான் இவள?"

"கட்டுறதுக்கு அவ உசுரோட இருக்கணும்ல!"

கன்னத்தில் அறைந்தாள். பிறகு வார்டுக்குள் போய், மகளைத் தூக்கிக்கொண்டு டாக்டர் அறைக்கு நடந்தாள். அந்தச் சின்னக் கையை எடுத்து அவர் மேசைமேல் வைத்தாள்.

"இங்கன ஒரு வெரல் இருந்துச்சு சார். நாங்கதான் மறைச்சுட்டோம்."

மருந்து தொடங்குவதை நிறுத்திவைத்தார்கள். அண்ணனுக்கும் அதே கோளாறு இருந்தால் அவன் மஜ்ஜையும் உதவாது என்பதால், இருவர் ரத்தமும் எங்கள் ஆய்வகத்துக்கே சோதனைக்கு வந்தது. அவளுடைய குரோமோசோம்கள் நான் பயந்தபடியே தாறுமாறாக ஒட்டிக் கிடந்தன. அடுத்து அண்ணனின் ஸ்லைடை வைத்துப் பார்த்தேன். அவனுடையவை முழுசாக இருந்தன. மேசையில் தலை சாய்த்து அழுதேன்.

மருந்தை வெகுவாகக் குறைத்துக் கொடுத்தார்கள். அவள் பிழைத்துக்கொண்டாள். ஊருக்குத் திரும்பும் காரில், தூங்கும் மகளின் விரலைத் தடவியபடியே அக்கா கேட்டாள்: "அந்த நூலக் கட்டாம இருந்திருந்தா, டாக்டரு மொத நாளே கண்டுபிடிச்சிருப்பாராடி?"

"ஆமாக்கா."

கட்டியது யார் என்று அவள் சொல்லவில்லை.