அப்பாவின் காரும் ஒரு கை தண்ணீரும்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு புரட்டாசி மாதக் காலை. கம்பத்திலிருந்து கேரள எல்லைக்கு ஏறும் மலைப்பாதையில், பாதி தூரம்கூடப் போகாமல், என் அப்பாவின் பழைய கார் புஸ்ஸென்று ஆவி விட்டு நின்றுவிட்டது. எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போயின. ஒரு ஜீப்பிலிருந்து யாரோ, "யக்கா, டீத்தண்ணி கொதிச்சிருச்சா?" என்று கத்த, உள்ளே இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்கு வந்த கொதிப்புக்கு அந்த ரேடியேட்டர் எவ்வளவோ தேவலை.

காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் பிறப்பதற்கு முன்பே அப்பா வாங்கியது. கியர் ஸ்டீயரிங்கை ஒட்டியே இருக்கும். கதவைச் சாத்தினால் இரும்புப் பீரோவை மூடியதுபோலச் சத்தம் கேட்கும். அதில்தான் நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இந்த வேலை?" என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது, அப்பா அவர்கள் கண்முன்னாலேயே சாவியை என் கையில் கொடுத்தார்.

அப்பா போன பிறகு, கார் உத்தமபாளையத்தில் அண்ணன் வீட்டுக் கொட்டகையில் தூசி படிந்து நின்றது. எனக்கு வேண்டும் என்று கேட்டேன். "ஆயுத பூஜைக்குள்ள ஓட்டிட்டுப் போயிரு தாயி. ஓடலைன்னா காயலான் கடைக்காரன் வந்து அள்ளிட்டுப் போயிருவான். சொல்லி வச்சிட்டேன்" என்றார் அண்ணன். அப்பாவின் காரைத் துண்டு துண்டாக வெட்டி எடைக்குப் போடுவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

உடனே கம்பத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டு, இன்ஜினை முழுசாகப் பிரித்து வேலை பார்க்கச் சொன்னேன். பிஸ்டன், ரிங், வால்வு எல்லாம் புதுசு. சமதரையில் அருமையாக ஓடியது. மேடு ஏறினால் போதும், கொதித்தது. மெக்கானிக் ரேடியேட்டரைச் சுத்தம் செய்தார். பெல்ட்டை மாற்றினார். இன்னும் என்னென்னவோ கழற்றி மாட்டினார். கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்ப்போம் என்றுதான் அன்று நானும் என் கணவரும் மலையேறினோம். போன லட்சணம் உங்களுக்கே தெரியும்.

காரைக் கட்டி இழுத்து ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்தோம். மெக்கானிக் நான் நின்ற பக்கமே திரும்பவில்லை. என் கணவரிடம், "சார், இன்ஜின் பிளாக்குல விரிசல் விழுந்திருச்சு. பழைய இரும்பு, இனித் தாங்காது. எடைக்குக் குடுத்துருங்க" என்றார். என் கணவரும் தலையாட்டினார். தங்கமான மனிதர்தான். ஆனால் காருக்குப் பெட்ரோல் எந்தப் பக்கம் ஊற்றுவார்கள் என்பதுகூட அவருக்குத் தெரியாது.

நான் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன். ஆயில் சுத்தமாக இருந்தது. "விரிசல்னா ஆயில்ல தண்ணி கலந்திருக்கணுமேண்ணே?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் உள்ளுக்குள்ள நடக்குற சமாச்சாரம் மேடம். உங்களுக்குச் சொன்னாப் புரியாது. சார்கிட்டச் சொல்லிட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. புரியாதாமே!

எங்களுக்கு ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம். சொட்டுநீர்க் குழாயோடு தினமும் மல்லுக்கட்டுகிறவள் நான். சில நாள் தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கும், மோட்டார் ஓடும், முன்வரிசைக் கொடியெல்லாம் பச்சென்று நிற்கும். கடைசி வரிசை மட்டும் வாடும். அதற்காக யாரும் மோட்டாரை எடைக்குப் போடுவதில்லை. நடுவில் எங்கே அடைத்திருக்கிறது என்றுதான் தேடுவோம். இந்தக் காரிலும் ரேடியேட்டரில் தண்ணீர் இருக்கிறது, பம்ப் ஓடுகிறது. சூடு காட்டும் முள்கூட நடுவில்தான் நின்றது. அப்படியானால் கொதிப்பது எந்த இடம்?

இன்ஜினை ஓடவிடச் சொன்னேன். நன்றாகச் சூடேறியதும் ஒரு கை தண்ணீர் அள்ளினேன். தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்க்கத் தெளிப்போமே, அதுபோல இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டின் ஓரம் நெடுகத் தெளித்தேன். முன்பக்கம் விழுந்த சொட்டுகள் அப்படியே உட்கார்ந்து மெதுவாகக் காய்ந்தன. பின்பக்கம் விழுந்தவை விழுந்த வேகத்தில் சொய்யென்று மறைந்தன. மறுபடி தெளித்தேன். மறுபடியும் அதேதான்.

"பின்னால தண்ணி போகலைண்ணே. ஹெட்டைக் கழத்துங்க" என்றேன்.

அவர் மறுபடியும் என் கணவரைத்தான் பார்த்தார். "வீண் வேலை சார். நீங்களாச்சும் எடுத்துச் சொல்லுங்க."

"என்னைய எதுக்குப் பாக்குறீக? வண்டி அவுகளுது. அவுகள்ட்டப் பேசுங்க" என்றார் என் கணவர். கல்யாணமான இத்தனை வருடத்தில் அன்றைக்குத்தான் அவர் என்னை 'அவுக' என்றார். சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

அங்கே கிடந்த ஸ்டூலை இழுத்து, கார் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். "கழத்துற வரைக்கும் நான் இங்கன இருந்து எந்திரிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். மெக்கானிக் முணுமுணுத்துக்கொண்டே ஸ்பேனரை எடுத்தார்.

ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் கேஸ்கட் என்று ஒரு தகடு இருக்கும். அதிலுள்ள ஓட்டைகள் வழியாகத்தான் தண்ணீர் கீழிருந்து மேலே போகும். பெரிய ஓட்டைகள் பின்பக்கம் வரவேண்டும். ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால், இன்ஜின் வேலையின்போது தகட்டை முன்பின்னாக மாற்றிப் போட்டிருந்ததால் அவை முன்பக்கம் வந்திருந்தன. பின்னால் தண்ணீர் ஏறும் வழியைத் தகடு மூடிக்கொண்டிருந்தது. விரல் வைத்துக் காட்டினேன்.

"கடையில குடுத்த கேஸ்கட்டு அப்பிடி..." என்று இழுத்தார்.

"மாட்டுனதும் கடைக்காரவுகதானா?" என்று கேட்டேன். அவர் துணியை எடுத்தார். பிளாக்கைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தோம். விரிசல் மயிரிழை அளவுகூட இல்லை.

புது கேஸ்கட்டைச் சரியாக மாட்ட வைத்து, ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அதே மலைப்பாதையில் நானே ஓட்டினேன். உச்சிவரை போய், அங்கே ஒரு கட்டன்சாயா குடித்துவிட்டு இறங்கினேன். துளிகூட ஆவி வரவில்லை. நேராக அண்ணன் வீட்டு வாசலில் போய் நிறுத்தி, ஹாரனை நன்றாக அழுத்தினேன். அண்ணன் வெளியே வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே தாயி" என்றார். அது எனக்குப் போதவில்லை. காயலான் கடைக்காரருக்குப் போன் போட்டு, வர வேண்டாம் என்று அண்ணன் சொன்னதைக் காதால் கேட்ட பிறகுதான் கிளம்பினேன்.

இப்போதெல்லாம் ஆஸ்பத்திரியோ ஆபீஸோ, எங்கே போனாலும் "இது அவ்வளவுதான், உங்களுக்குச் சொன்னாப் புரியாது" என்று யாராவது ஆரம்பித்தால், நான் தலையாட்டிவிட்டுத் திரும்பி வருவதில்லை. புரிகிறவரை எழுந்திருப்பதில்லை என்று அவர்கள் எதிரிலேயே நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறேன்.