தளைநாரை நான் கட்டிய நாள்

போன வருடம் ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை. சுவிஸில், லாங்கன்தாலில் பல நாட்டு மக்களும் கடை போடும் விழாவில், எங்கள் தமிழ்ச் சங்கத்தின் வடைக் கடையில் நின்றேன். காலையிலிருந்தே எனக்குப் பொறுமை இல்லை. மழை விட்டுவிட்டுத் தூறியது. காஸ் அடுப்பு இரண்டு தரம் அணைந்தது. வருகிறோம் என்ற நான்கு பேரில் சங்கத்து அண்ணை ஒருவர்தான் வந்தார். போதாததற்குப் பக்கத்துக் கடையில் அந்தப் பெண்.

இந்தோனேசியாக்காரி. ஜாவாவில் ஏதோ கிராமம். இங்கே முதியோர் இல்லத்தில் வேலை. ஊரில் அவர் குடும்பம் தென்னம்பாளையிலிருந்து கருப்பநீர் என்ற இனிப்புச் சாற்றை இறக்கிச் சர்க்கரை காய்ச்சுகிறதாம். சிரட்டையில் வார்த்த கட்டிகளை அடுக்கி வைத்திருந்தார். பின்னால் கதவளவு படம். தென்னை உச்சியில் இடுப்பில் கத்தியோடு ஒருவர் சிரிக்கிறார். யாராவது எட்டிப் பார்த்தால் போதும், "என் அண்ணா! காலையும் மாலையும் ஏறுவார்! எங்கள் ஊரே சர்க்கரைக்காரர்தான்!" என்று ஜேர்மனில் கத்துவார்.

அதோடு விட்டாரா? உங்கள் நாட்டிலும் பனை இருக்கிறதாமே, யார் ஏறுவார்கள், உங்கள் வீட்டில் யாராவது ஏறுவார்களா என்று என்னைத் துளைத்து எடுத்தார். அண்ணை பக்கத்தில் நின்று வடை பொரிக்கிறார். அவருக்கும் ஜேர்மன் விளங்கும். மூன்று தரம் "தெரியாது" என்றேன். நான்காம் தரம் எரிந்து விழுந்தேன்.

தெரியாமல் இல்லை. என் அப்பா பனை ஏறியவர். எங்கள் ஊரில் அந்தத் தொழில்காரரை எந்த வாசலோடு நிறுத்துவார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. சுவிஸ் வந்த நாளிலிருந்து, அப்பா அரசாங்கக் கச்சேரியில், கந்தோர் வேலையில், கிளாக் என்றே எல்லோருக்கும் சொல்லி வந்தேன். என் பிள்ளைகளுக்கும்தான்.

மத்தியானம் மழை விட்டது. அந்தப் பெண் ஒரு கயிற்று வளையத்தை எடுத்து, ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் இரண்டு கால்களிலும் மாட்டி, மைதான ஓரத்து மரத்தில் ஏறச் சொன்னார். அவர் காய்ச்சிப் பழகியவரே தவிர ஏறிப் பழகியவர் இல்லை. முடிச்சைப் பார்த்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்கென்ன என்று முகத்தைத் திருப்பினேன். முடியவில்லை. பிள்ளை என் தலை உயரத்துக்கும் மேலே போய்விட்டாள், முடிச்சு அவிழ்கிறது. கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினேன். விழுந்தவளை ஏந்திக்கொண்டு நானும் சேற்றில் விழுந்தேன். நல்ல காலம், ஒருவருக்கும் அடியில்லை.

"உப்பிடியே தளைநார் கட்டுறது?" என்று தமிழிலேயே கத்தினேன். கயிற்றைப் பிடுங்கி, முறுக்கி, இறுக்கிக் கட்டி, என் கால்களில் போட்டு, மரத்தைக் கட்டிப்பிடித்து மூன்று எட்டு ஏறிக் காட்டினேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். இறங்கிப் பார்த்தால், கரண்டியோடு அண்ணை.

"தம்பி, உமக்கு உது எப்பிடித் தெரியும்?"

இன்னொரு பொய் வாய் வரை வந்தது. ஆனால் அலுத்துப் போயிருந்தேன்.

"அப்பா ஏறினவர், அண்ணை. அவர்தான் பழக்கினவர்."

"ஓ" என்றார். அடுப்புப் பக்கம் திரும்பினார். இப்போதும் கண்டால் தலையாட்டுவார். வீட்டுக்கு வரச் சொல்வதில்லை.

வீட்டிலும் நிம்மதி இல்லை. "இவ்வளவு வருஷம் காத்ததை ஒரு கயித்துக்காக விட்டிட்டியளே" என்று மனைவி திட்டினாள். மகளோ மரத்தைப் பற்றியே கவலைப்படவில்லை.

"அப்பப்பா மரம் ஏறினால் என்ன? நீங்கள் ஏன் எங்களுக்குப் பொய் சொன்னனீங்கள்?"

பிள்ளைகளுக்காகத்தான் மறைத்தேன் என்று அவ்வளவு காலமும் நம்பியிருந்தேன்; என் தகப்பனை நினைத்து வெட்கப்பட்டது பிள்ளைகள் இல்லை, நான்தான் என்பது அவள் கேட்ட பிறகுதான் விளங்கியது, அது இன்றும் சுடுகிறது.