திண்டிவனத்துக்காரனின் தொழில் வரி

கல்யாணமான புதிதில் நான் திண்டிவனத்தில் குடியிருந்துகொண்டு கர்நாடகத்துக்கு வரி கட்டிக்கொண்டிருந்தேன். கம்பெனி பெங்களூரில். மனைவி திண்டிவனத்தில் அரசு நர்ஸ். எத்தனையோ பரீட்சை எழுதி வாங்கிய வேலை. அதை விட்டுவிட்டு வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மேனேஜரிடம் கெஞ்சிக் கூத்தாடி, பெங்களூர் அறையைக் காலி செய்துவிட்டு நானே இங்கே வந்து சேர்ந்தேன்.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பது தற்காலிகம்தான் என்றார் மேனேஜர். கம்பெனிக் கணக்கில் என் பணியிடத்தைத் திண்டிவனம் என்று மாற்றினால்தான் நிரந்தரம். அதுவரை நான் பெங்களூர் ஆள். சம்பளத்தில் மாதம் தவறாமல் கர்நாடகத் தொழில் வரி என்று ஒரு சின்னத் தொகையைப் பிடித்துக்கொள்வார்கள். பணம் பெரிதில்லை. ஆனால் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்றைக்கு வேண்டுமானாலும் கிளம்பி வா என்று கூப்பிடலாம் என்பதுதானே அதற்கு அர்த்தம்!

விழுப்புரம் பக்கத்தில் காணையில் கரும்பு போட்டிருக்கும் அப்பாவுக்கு இது நல்ல தீனி. மாமியார் வீட்டுத் தெருவிலேயே குடிபோனவன் என்ற கேலி ஏற்கெனவே இருந்தது. இப்போது, சோறு திங்கறது இங்கே, கப்பம் கட்டறது அங்கேயா என்று போன் போட்டுச் சிரித்தார்.

சம்பளப் பிரிவுக்கு மெயில் மேல் மெயில் போட்டேன். பரிசீலிக்கிறோம் என்றார்கள். அதற்குள் என்னைப் போல ஊருக்குப் போயிருந்த ஒருவரைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். அடுத்தது நான்தான் என்று இன்னொரு மெயில் தட்டினேன். மனைவி மட்டும் அலட்டிக்கொள்ளவே இல்லை. கூப்பிட்டால் போங்க, விழுப்புரத்திலிருந்துதான் ரயில் இருக்கிறதே என்பாள். அவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாளே என்று கோபம்கூட வந்தது.

ஒரு மாதக் கடைசியில் இருவரும் அப்பாவைப் பார்க்க விழுப்புரம் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டும்போது சம்பளம் ஏறிய மெசேஜ் வந்தது. தொகை வழக்கத்தைவிடக் குறைவு. எட்டிப் பார்த்தவளுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"இன்னாங்க, கம்மியா போட்டுக்கிறாங்க?"

சம்பளச் சீட்டைத் திறந்தேன். கர்நாடகம் என்ற பேச்சே இல்லை. பணியிடம் திண்டிவனம். தமிழ்நாட்டுத் தொழில் வரி என்று மொத்தமாக ஒரு தொகை போயிருந்தது. அங்கே மாதாமாதம் கிள்ளுவார்கள். நம் ஊரில் அரை வருஷத்துக்கும் சேர்த்து ஒரேயடியாக அள்ளிவிடுவார்கள். அள்ளட்டும், நன்றாக அள்ளட்டும்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எழுந்து குதித்ததில் கம்பியில் மண்டை இடித்தது. அதற்கும் சிரித்தேன். என்ன விஷயம் என்று கண்டக்டர் கேட்டார். டாக்ஸ் பிடித்துவிட்டார்கள் என்றேன்.

"டாக்ஸ் புடிச்சதுக்கா சார் சிரிச்சிக்கினு இருக்கீங்க?"

நம் ஊரில் பிடித்துவிட்டார்கள் என்று விளக்கினேன். அவர் என் மனைவியைப் பாவமாகப் பார்த்துவிட்டு நகர்ந்தார். பக்கத்து சீட்டில் மல்லாட்டைக் கடலையை உடைத்துத் தின்றுகொண்டிருந்த அம்மா, பொட்டலத்தோடு ஜன்னல் பக்கம் ஒதுங்கிக்கொண்டார். அப்பாவுக்குப் போன் போட்டேன். வரி கட்டியதற்குக் கூத்தாடும் முதல் ஆள் நான்தான் என்று அவரும் சேர்ந்து சிரித்தார்.

போனை வைத்த பிறகுதான் மனைவியைக் கவனித்தேன். என் கையிலிருந்து போனை வாங்கி, சம்பளச் சீட்டில் திண்டிவனம் என்ற இடத்தில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்போ நம்ம ரெண்டு பேருக்கும் ரேஷன் கார்டுக்கு எழுதிப் போட்டுடலாமாங்க?"

கல்யாணமாகி இத்தனை மாதமாக இதை ஏன் கேட்கவில்லை என்றேன்.

"நீங்க போய்டுவீங்கன்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன். கார்டுல உங்க வெறும் பேர வச்சிக்கினு நான் இன்னா பண்றது?"